சாத்துக்குடி மிதந்த டம்ளர்கள்

தாம்பூலத் தட்டை வாங்குவதுபோல் இரண்டு கைகளாலும் அண்ணி அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குமுன் பல வருடங்களாக எங்கள் வீட்டுக்குள் மதுப்பாட்டில் எதுவும் வந்ததில்லை. அப்பா குடியால் செத்தவர். அன்றிலிருந்து அண்ணன் அந்த வாடையைக்கூட வாசலுக்குள் விட்டதில்லை.

அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பிரான்சில் பல காலமாக இருக்கும் குடும்பம். விடுமுறைக்கு வந்த பையனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பிவிட்டிருந்தார்கள். நல்ல காரியம் பேசும்போது நுரைக்கிற ஒயினைத் திறப்பது அவர்கள் வழக்கமாம். பையனின் அம்மா சிரித்தபடி பாட்டிலை நீட்டினார்.

"எங்க வூட்ல இது பழக்கமில்லீங்க" என்றார் அண்ணன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. கதவருகில் நின்ற மகளின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணிதான் எழுந்தாள்.

"குடுங்க சம்பந்தியம்மா, பழச்சாறுல கலந்துடலாம். வேணுங்கறவங்க குடிக்கட்டும்."

இன்னும் எதுவும் முடிவாகவில்லை, அதற்குள் சம்பந்தியம்மா! அண்ணன் முறைத்தார். அண்ணி அவரிடம் குனிந்து, "நீங்க சோடா குடிங்க. பாப்பா வாழப்போற வூடுங்க அது" என்று மெதுவாகச் சொன்னாள்.

பையனின் அப்பா மூடியைத் திருகித் திறந்து கொடுத்தார். அடுப்படியில் நான் சாத்துக்குடி பிழிந்தேன். அண்ணி அரை எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் சேர்த்தாள். வெயில் காலத்தில் எலுமிச்சை சோடா கலக்கிய கை அல்லவா, கேட்காமலே ஒரு சிட்டிகை உப்பும் போட்டுவிட்டது. அதன்மேல் ஒயினை ஊற்றியதும் நுரை சீறி எழும்பி மேடையெல்லாம் வழிந்தது.

"ஐயோ அண்ணி, பொங்குது!"

"பொங்கட்டும்டி, நல்லதுதான். துணிய எடு."

கூடத்திலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இறுக்கம் விட்டது. அடுத்த முறை அவள் உப்பைத் தொடவில்லை. குளிர்ந்த சாற்றின் மேல், டம்ளரைச் சாய்த்து, ஓரமாக ஒயினை வழியவிட்டாள். அடையாளத்துக்கு ஒயின் கலந்த டம்ளர்களில் மட்டும் ஒரு வட்டத் துண்டு சாத்துக்குடி மிதந்தது. மற்றவற்றில் வெறும் சாறு. அண்ணனுக்கு வெறும் உப்புச் சோடா.

தட்டு கூடத்துக்கு வந்தது. ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். பையனின் அம்மா டம்ளரை உதட்டருகே கொண்டுபோனவர், சுற்றிப் பார்த்தார். "பொம்பளைங்கள்ல நான் மட்டுந்தானா?" என்று கூச்சத்தோடு கீழே வைத்தார்.

அண்ணி துண்டு மிதந்த இன்னொரு டம்ளரை எடுத்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். நாற்பது வயதுவரை அதன் ருசி அறியாதவள். முகம் சுளிக்காமல் விழுங்கியதை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். யாருக்காக அவள் அதைக் குடித்தாள் என்று அவருக்குத் தெரியாதா? தன் சோடாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர், "அப்போ நாள் பாத்துடலாங்களா?" என்றார்.

இரவு அண்ணி என்னிடம், "இன்னாடி அது, புளிச்ச கஞ்சித்தண்ணி மாதிரி! இதுக்கா இவ்ளோ வெல குடுக்கறாங்க?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்போது அந்த அம்மா ஊருக்கு வரும்போது பாட்டில் கொண்டுவருவதில்லை. அண்ணனுக்குச் சோடா கலக்கும் சத்தம் கேட்டதும், "உப்பு போட்டு எனக்கும் ஒன்னு, சம்பந்தி" என்று அடுப்படிக்கே வந்துவிடுகிறார்.