சலூன் கண்ணாடிக்குள் படுத்திருந்த நாய்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் படம் வரைய உட்காருகிறவனுக்குப் புத்தி மட்டு என்று வீட்டில் சொன்னார்கள். நான் தென்காசிப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். எனக்கு யார் சொல்வது என்ற திமிர் உண்டு.

படம் கேட்டவர் அருவிக்குப் போகும் வழியில் சலூன் வைத்திருந்தார். அவருடைய நாய்க்கு வயதாகி இருமல் வேறு. “இந்தச் சாரலத் தாண்டுமான்னு தெரியல, ஐயா. அதுக்குள்ள வரஞ்சு தந்துருங்க” என்றார். வெள்ளை நாய், இடது கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. வாசற்படியில் சலூனுக்குள் பார்த்தபடியே படுத்திருக்கும்.

முதலில் காகிதத்தில் நீர்வண்ணம். தாள் ஊறி அப்பளமாக நெளிந்தது. கறுப்பு வழிந்து நாய்க்குத் தாடி முளைத்தது. அடுத்து துணியில் எண்ணெய் வண்ணம். ஒரு வாரமாகியும் காயவில்லை. நாய் வந்து முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. படத்தில் நிஜ மயிர், நாயின் முதுகில் நான் தீட்டிய பச்சை மலை!

கடைசியில் ஒரு கண்ணாடித் தகடும் கொல்லம் ரயிலில் வந்த சீமை எனாமல் வண்ணமும் வாங்கினேன். தகட்டின் பின்பக்கம் வரைந்து முன்பக்கம் பார்க்க வேண்டும். சாரல் ஒன்றும் செய்யாது. ஆனால் காகிதத்தில் கடைசியாக வைக்கும் கண்மணியையும் மீசை முடியையும் இதில் முதலில் வைக்க வேண்டும். அந்த வரிசையை நினைவில் வைப்பதிலேயே என் மூளை முழுவதும் செலவாகிவிட்டது.

தகட்டைத் திருப்பிக் காட்டியதும் சலூனே சிரித்தது. “என்ன வாத்தியாரே, கறுப்பு வலது கண்ணுக்குப் போயிட்டு!” என்றார் முகத்தில் சோப்பு நுரையோடு இருந்த ஓர் அண்ணாச்சி. இடம் வலமாகும் என்பதை மறந்தே போயிருந்தேன். படத்தை அருவியில் எறியலாம் போல ஆத்திரம். இன்னொன்று வரையும்வரை நாய் இருக்குமா என்று பயமும்.

சலூன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “நான் இவன நேருல எங்க பாக்குதேன், ஐயா? நாள் முழுக்க வாசலுக்கு முதுகக் காட்டித்தான நிக்குதேன். எனக்கு இவன் முகக்கண்ணாடிக்குள்ளதான் படுத்துக் கெடக்கான். அதுல கறுப்பு இந்தப் பக்கந்தான்!”

முகக்கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். அச்சு அசல் என் படத்து நாய்.

சந்தோஷத்தில் எதிர்ச்சுவரில் மாட்டப் போனேன். “அங்கன வேண்டாம், கண்ணாடியில மறுபடி மாறிரும்” என்று தடுத்து, முகக்கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்தார்.

ஐப்பசியில் நாய் போய்விட்டது. அந்த வாரம் முடிவெட்டப் போயிருந்தேன். கத்தரி நின்றது. அவர் கண் முகக்கண்ணாடிக்குள் நாயைத் தேடிப் போய், வெறும் வாசற்படியைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் படத்துக்கு வந்தது.

“கெடக்கான்” என்று சொல்லிவிட்டு, என் தலையை நேராகத் திருப்பி வைத்தார்.