இன்சுக் குனிய மறுத்த வீடு

கொரியாவில் ஆன்டோங் பக்கத்தில் மூத்த மருமகள் என்றால் முன்னோர் படையல் அவள் பொறுப்பு. எங்கள் சபையின் இன்சுக் அந்தப் பொறுப்பை ஞானஸ்நானம் பெற்ற வருஷமே உதறிவிட்டாள். செத்தவர்களுக்குப் படைப்பதில்லை, முன்னோர் பெயர் எழுதிய பலகைக்கு முன்னால் குனிவதில்லை என்று மாமனார் வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள், அதன் பிறகு எந்தப் படையலுக்கும் அங்கே போகவில்லை. இதைச் சபையில் சாட்சியாகச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினோம்.

ஒரு சூசோக் அறுவடைப் பண்டிகையன்று அவள் கணவர் சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டுப் படையலுக்கு அந்த வீட்டுக்குப் போய்விட்டார். கொடுத்துவிட்டு உடனே திரும்பலாம் என்று இன்சுக் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

கொழுந்தன் மனைவி பில்ரே தரையில் உட்கார்ந்து மீன் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் வலிக்குப் போடும் பெல்ட், வலது மணிக்கட்டில் கட்டு. பக்கத்து வீட்டுப் பெண் வந்திருப்பதாக நினைத்து, திரும்பாமலே பேசினாள்.

"அந்தத் தட்டைக் கொஞ்சம் தள்ளு. எங்க ஓரகத்தி அக்கா இப்போ சபையில பாட்டுப் பாடிக்கிட்டிருப்பாங்க. அவங்க சாமி ரொம்ப நல்ல சாமி, பாத்திரம் கழுவுறதுலேர்ந்தும் ரட்சிச்சிருக்காரு."

பதில் வராததால் திரும்பிப் பார்த்தாள்.

இன்சுக்கின் முகம் எரிந்தது. கிண்டல்கூட அவளை அவ்வளவு சுடவில்லை. அந்தக் கட்டுப்போட்ட கையைத்தான் பார்க்க முடியவில்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்பருகே உட்கார்ந்தாள். ஆனால் எண்ணெய் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"மேல் அலமாரியில இருக்குங்க," என்றாள் பில்ரே, விருந்தாளியிடம் சொல்வதுபோல. அந்த மரியாதை இன்சுக்கை இன்னும் குறுக வைத்தது.

அடுத்த படையலுக்கு முந்தின நாளே இன்சுக் வந்துவிட்டாள். கொழுக்கட்டை பிடித்தாள், காய் நறுக்கினாள், இரவு வரை பொரித்தாள். காலையில் ஆண்கள் கூடத்தில் குனிந்து எழுந்தபோது அவள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்ன மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"கும்பிட மாட்டாளாம், பொரிக்க மட்டும் வருவாளாம். இதென்ன அரை பக்தி?"

பில்ரே சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். "மாமா, இந்த வீட்டுல கும்பிட நிறையப் பேர் இருக்கீங்க. பொரிக்க நான் ஒருத்திதான் இருந்தேன். அவங்களை விட்டுடுங்க."

தனக்காக அவள் பேசியதைக் கேட்டு இன்சுக் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

சபையிலும் பேச்சு எழுந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் அவளை வாசலிலேயே நிறுத்தினார். "பேய்களுக்குப் படைக்கிறதை நீங்களே சமைக்கிறீங்களாமே?"

"படைக்கிறவங்க படைக்கிறாங்க. நான் என் ஓரகத்தியோட கைக்காகப் பொரிக்கிறேன்," என்றாள் இன்சுக். பிறகு குரல் இறங்கியது. "இத்தனை வருஷம் என் பக்திக்கு அவதான் உழைச்சிருக்கா. எனக்கு அது தோணவே இல்ல."

பில்ரேவுக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தபோது, இன்சுக்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்து தலைவாரி விட்டாள். மதம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தனக்கு வாயில்லை என்று என்னிடம் சொன்னாள்.

வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே, பில்ரே ஆராதனைக்கு வந்து இன்சுக்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் இன்சுக் அக்காவோட ஜெபந்தான் உங்களை இங்க கொண்டுவந்திருக்கு."

"ஜெபமா? அது எனக்குத் தெரியாதுங்க," என்றாள் பில்ரே. "பாத்திரம் நல்லாத் தேய்ப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இன்சுக் மட்டும் தலை நிமிரவில்லை. கீழே வைத்திருந்த குடையைத் தேடுவதுபோல வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.