முந்தானையில் உட்கார்ந்த நியூசிலாந்துக்காரி

போன ஞாயிற்றுக்கிழமை முள்ளிப்பட்டில் ஒரு காட்சி. பட்டு முதலாளி ஒருவர், தறியிலிருந்து அன்றுதான் அறுத்த முகூர்த்தப் புடவையை விசிறியால் ஓங்கி அடித்தார். போதாதென்று மறுபடியும் அடித்தார்.

சொந்தப் பட்டை யாராவது அடிப்பார்களா?

செய்யாறு பக்கம் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத் தெரியும். கூடவே அந்துப்பூச்சி ஆராய்ச்சி. அதில் ஒன்றின் மேல் தனிப் பிரியம். நியூசிலாந்து மலைகளின் உச்சியில் மட்டும்தான் இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் கிடையாது. கட்டைவிரல் நகத்தளவு உடம்பு, கறுப்பும் ஆரஞ்சுமாக இறக்கை. பட்டப்பகலில் பாறை மேல் உட்கார்ந்து வெயில் காயும். நேரில் பார்த்ததில்லை. பிரவுசிங் சென்டரில் எடுத்த கலர் பிரிண்ட்தான்.

அந்த பிரிண்ட்டைப் பையில் வைத்துக்கொண்டே பெண் பார்க்கப் போய்விட்டேன்.

பெண் கோமதி. அப்பா ஏகாம்பரம், முள்ளிப்பட்டில் மாஸ்டர் வீவர், அதாவது ஆள் வைத்துப் பட்டு நெய்கிற முதலாளி. தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று நம்புகிறவன். அந்துப்பூச்சி என்று ஆரம்பித்துப் படத்தையும் எடுத்து நீட்டினேன்.

மனிதர் எழுந்துபோய்ப் பட்டு அடுக்கியிருந்த பீரோவைச் சாத்தினார். பட்டாசுக் கடைக்குள் பீடி பற்றவைத்தவனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்.

"பையில உசுரோட எதுனா கீதுங்களா தம்பி?"

இல்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம்… பட்டு தருவதும் ஒரு அந்துப்பூச்சிதானே என்று பாடம் எடுத்தேன்.

"அது நூலா வருது. இது பறந்துகினு வருது" என்றார்.

கோமதி மட்டும் படத்தை வாங்கி, என்னைப் பார்த்ததைவிட அதிக நேரம் அதைப் பார்த்தாள். கலர் நல்லா இருக்குது, வெச்சுக்கட்டுமா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். அவள் அப்பா, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். இரண்டு மாதம் ஆகியும் அனுப்பவில்லை. அதற்கு அர்த்தம் என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தெரிந்தும் போன ஞாயிறு கிளம்பினேன் — படத்தைத் திருப்பி வாங்க! இன்னொரு பிரிண்ட் எடுத்தால் ஆகாதா என்றாள் அம்மா. நியாயமான கேள்வி. நல்லவேளை, பஸ் வந்துவிட்டது.

நான் போனபோது ஏகாம்பரம் பாயில் புடவையை விரித்துக் குறை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். முகூர்த்தப் புடவையை வெளியில் வாங்க மாட்டார்கள். கல்யாணப் பெண்ணே தன் கையால் நெய்துகொள்ள வேண்டும். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு, எவன் மாப்பிள்ளையாக வந்தாலும் புடவை ரெடி என்றார். அந்த 'எவன்' நான் இல்லை என்று எனக்குப் புரியாதா?

பேசிக்கொண்டே முந்தானைக்கு வந்தார். ஓரத்தில் ஒரு அந்துப்பூச்சி. கறுப்பும் ஆரஞ்சுமாக!

அப்போது விழுந்ததுதான் அந்த அடி. பூச்சி அசையவில்லை. மறுபடி அடி. அப்போதும் அசையவில்லை.

"அது போவாதுப்பா" என்றாள் கோமதி, தறியறை வாசலிலிருந்து. "நான்தான் நெய்தேன்."

அப்பா சரக்கு கொடுக்க வெளியூர் போன நேரம் பார்த்து, படத்தைப் பார்த்து, சின்ன நூல்கண்டில் கறுப்பும் ஆரஞ்சும் சுற்றி, தறியிலேயே கையால் கோத்திருக்கிறாள். அவர் கண்ணாடியை மாட்டினார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், பழக்கதோஷத்தில் முந்தானையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஒரு பிசிறு இல்லை. திட்டு பாதியில் நின்றுவிட்டது.

"இத கட்டிகினு எப்டிம்மா மணையில உக்காருவ? பக்கத்துல கீறவன் எழுந்து ஓட மாட்டானா?"

"ஓடாதவரு வாசல்ல நிக்கிறாரு பாருப்பா."

சொன்னவள் என்னைப் பார்க்கவில்லை. அவர்தான் பார்த்தார். அப்புறம் புடவையைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். நிறைய அந்துருண்டை!

"மாப்ள, புடவை வர்றதுக்கு முன்னாடியே உங்க பீரோவுல இத போட்டு வெச்சுடுங்க."

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சீர்வரிசை அதுதான். மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்… எனக்கு மணமாகத்தான் இருந்தது.

ஒன்றுதான் குறை. போன காரியம் மறந்துவிட்டது. படம் இன்னும் அங்கேயே இருக்கிறது — வருகிற ஞாயிறும் போயாக வேண்டும்!