அத்தை எழுதி வைத்தது

அத்தை போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வீட்டில் அவள் வாய் ஓயவில்லை.

“அடுப்பை அணைச்சாச்சா?” என்று சமையலறை அலமாரியிலிருந்து கேட்டாள். சற்றுப் பொறுத்துக் குளியலறைப் பக்கமிருந்து, “குழாயை இறுக்கி மூடு. சொட்டுது பார்.”

பட்டப்பகல். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். இருந்தும், பீரோவுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த அண்ணன் மகளுக்கு முதுகு சில்லிட்டது.

பேயுமில்லை, பிசாசுமில்லை. சொன்னதைப் பதிந்து வைத்துக்கொண்டு, வைத்த நேரத்தில் திருப்பிச் சொல்லும் சின்னக் கடிகாரங்கள். அறைக்கு ஒன்றாக அத்தையே வாங்கி, தன் குரலையே பதிந்து வைத்திருந்தாள். “வயசாச்சில்ல, மறதி” என்பாள். மறதியெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்குக் கண் போய்விட்டிருந்தது. அதை அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சுற்றியிருந்தவர்களும் அவளை ஒப்புக்கொள்ள வைத்ததில்லை. பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவள். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள், “என்ன டீச்சர், ஊர் நிலவரம் எப்படி?” என்று பவ்யமாகக் கேட்பார்கள். “எல்லாம் தலைகீழாத்தான் கிடக்கு” என்பாள். ஒருத்தரும் சிரித்ததில்லை.

அண்ணன் மகளுக்குக் கடைவீதியில் ஜெராக்ஸ் கடை. குடும்பத்தில் அவள் பெயரே ஜெராக்ஸ்தான். மத்தியானம் கடையை இழுத்துச் சாத்திவிட்டு இங்கே வந்து உயிலைத் தேடுவது அவளுக்கு இப்போது தினப்படி வேலையாகிவிட்டது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அத்தை அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். வக்கீலிடம் போனில் சொல்லியிருந்தாள்: “என் கையாலயே எழுதி, கையெழுத்தும் போட்டாச்சு. வீட்டுலதான் இருக்கு. ஜெராக்ஸ் எடுத்துத் தருவா.” சொந்தக் கையெழுத்தில் இருந்தால் பதிவுகூட வேண்டாம், அதுவே செல்லும் என்றார் வக்கீல். கையில் கிடைத்தால்தானே செல்வதற்கு.

தலையணை உறை, அரிசி டப்பா, சாமான் பரண், எதையும் விடவில்லை. தேடத் தேட அத்தையின் இருட்டுதான் கைக்கு அகப்பட்டது. ஒவ்வொரு சாவியிலும் நூல் முடிச்சு: வாசலுக்கு ஒன்று, பீரோவுக்கு இரண்டு. மருந்துக் குப்பிகளில் ரப்பர் வளையங்கள். சுவர் நெடுக, இடுப்புயரத்தில், விரல்கள் தடவித் தடவி வழவழப்பாகிப்போன ஒரு கோடு. அந்தக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு நடந்தால் கால் தானாகவே அத்தையின் நடைக்கு மாறியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

சித்தப்பா வந்து கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். அத்தையின் தம்பி.

“என்னடி ஜெராக்ஸ், கிடைச்சுதா?”

“இன்னும் இல்ல சித்தப்பா.”

“உயிலும் இல்ல மயிலும் இல்ல. எங்க அக்காவப் பத்தி எனக்குத் தெரியாதா? மிரட்டுறதுக்குன்னே எழுதினேன் எழுதினேன்னு சொல்லியிருப்பா. இல்லேன்னா என்ன குடியா முழுகிப்போகுது? அவளுக்குன்னு புருஷனா பிள்ளையா? பாதி எனக்கு, போய்ச் சேர்ந்த உங்கப்பன் பாதி உனக்கு. சட்டமே சொல்லுதே. கரும்பு தின்னக் கூலியா?”

“பின்னறை அக்காவுக்கு ஏதோ எழுதியிருக்கேன்னு அத்தை சொல்லியிருக்காங்களே.”

“சொன்னா சொன்னதுதான். எழுத்துல எங்க? காட்டு பார்ப்போம்.” வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். “மாசக் கடைசிக்குள்ள அந்தம்மாவைக் காலி பண்ணச் சொல்லு. வீட்டை விலைக்குப் பார்த்துட்டுப் போக ஆள் சொல்லியிருக்கேன்.”

பின்னறை அக்கா அத்தையைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, கடைசியில் கண்ணை மூடிவிட்டவள். அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அவள் காதில் இதை எப்படிப் போடுவது என்று தயங்கியபடி ஜெராக்ஸ் பின்பக்கம் போனாள். அங்கே அக்கா ஏற்கெனவே துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது? யார் உங்களைப் போகச் சொன்னது?”

“யாரும் சொல்லல பாப்பா. இல்லாததை எத்தனை நாளைக்குத் தேடுவீங்க?”

“இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அக்கா முடிச்சைப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். பிறகு சொன்னாள்.

“டீச்சர் அதை எழுதினப்போ நான் டீ கொண்டு போனேன். பேனா ஓடுது, தாள்ல ஒண்ணுமே விழல. மை தீர்ந்துபோன பேனா. அது தெரியாம விடியக்காலைல உக்காந்தவங்க, வேர்க்க வேர்க்க, அழுத்தி அழுத்தி எழுதுறாங்க. ‘எழுத்து கோணாம வந்திருக்கா?’ன்னு கேட்டாங்க. வந்திருக்குன்னேன்.”

“வேற பேனா எடுத்துக் குடுத்திருக்கலாமேக்கா!”

“குடுத்தா? உங்களுக்குக் கண் தெரியலன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடாதா? நீங்களே ஒருநாளாவது சொல்லியிருக்கீங்களா?”

ஜெராக்ஸ் நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

“சரி, சாயங்காலமா மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள, ‘உனக்கும் அதுல எழுதியிருக்கேன்’னுட்டாங்க. அப்புறம் எப்படி வாயைத் திறப்பேன்? பங்குக்கு அலையறான்னு நினைச்சுட்டா?”

“அந்தத் தாள் எங்கக்கா?”

அக்கா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். “மேஜை அட்டைக்குள்ள இருந்துச்சு. டீச்சரை எடுத்த அன்னைக்கே நீங்கதானே வெள்ளைத்தாள் வீணாப் போவானேன்னு கட்டோட கடைக்குக் கொண்டுபோனீங்க?”

தொழில் புத்தி. கண்ணில் பட்ட வெள்ளைத்தாளையெல்லாம் மெஷினின் தட்டில் அடுக்கிவிடுகிற கை அது. அத்தையின் கடைசி வார்த்தையையும் அந்தக் கைதான் தட்டில் அடுக்கியிருந்தது.

கடைக்கு ஓடினாள். ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்து தட்டை உருவினாள். ஒவ்வொரு தாளாகத் தடவினாள். எல்லாம் வழவழவென்று புதிதாக இருந்தன. மெஷின் சிக்கவைத்துக் கசக்கித் துப்பும் தாள்களை மேஜைக்கடியில் ஒரு பெட்டியில் போட்டு வைப்பது வழக்கம். அதைத் தரையில் கவிழ்த்தாள்.

கிடைத்தது. பாதியில் சிக்கி விசிறி மாதிரி மடிந்திருந்தது. அதன்மேல் யாரோ முகம் தெரியாத ஒருவர், தமக்குக் காய்ச்சல் என்றும் விடுப்பு வேண்டும் என்றும் பணிவன்புடன் விண்ணப்பித்திருந்தார். ஷட்டருக்கடியில் வந்த வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்தாள். விண்ணப்பத்துக்கு அடியில் காகிதமே மூச்சு விடுவதுபோல மேடும் பள்ளமுமாகக் கோடுகள் எழுந்தன. கண் தெரியாத கை வரி மாறாமல் எழுதியிருந்தது. ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரி, அதன் மேல் இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு விரலால் படிக்கப் பார்த்தாள். ‘வீ’ என்று ஒரு சுழி வந்தது, உடனே வேறெதற்குள்ளோ போய் முழுகியது. கீழே கையெழுத்து மட்டும் தனியாக, கம்பீரமாக நின்றது. அடிக்கோடுகூடப் போட்டிருந்தாள்.

வக்கீலுக்குப் போன் செய்தாள். “கோர்ட்டு கண்ணுக்குத் தெரியறதைத்தாம்மா படிக்கும்” என்றார்.

மறுநாள் சித்தப்பாவிடம் அவள் தாளைக் காட்டவில்லை. “பாகம் பிரிக்கறப்போ எனக்குப் பின்பாதி போதும்” என்றாள்.

“பைத்தியமாடி உனக்கு? அங்க ஒழுங்கா ஒரு ஜன்னல்கூடக் கிடையாதே!”

“இருக்கட்டும் சித்தப்பா.”

அவருக்கு வாயெல்லாம் பல். அவள் மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட்டார்.

பின்னறையில் மூட்டை வாசலுக்கு வந்திருந்தது.

“நீங்க எங்கயும் போக வேணாம்க்கா. இந்த அறை உங்களுக்குத்தான், கடைசிவரைக்கும்.”

“நீங்க குடுத்து நான் இருக்கறதா? வேணாம் பாப்பா.”

“நான் குடுக்கல. தாள் கிடைச்சிடுச்சு. அத்தை எழுதியிருக்காங்க.”

“படிக்க முடிஞ்சுதா?”

“படிச்சேன்.”

அக்கா மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தாள். முன்னறையில் அத்தை யாரையோ கதவைத் தாழிடச் சொன்னாள்.

“என்னை அவங்க பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல” என்றாள் அக்கா. “‘யாரங்கே’ம்பாங்க, ‘ஏய்’ம்பாங்க. தாள்ல எப்படி எழுதியிருந்தாங்க? வேலைக்காரின்னா?”

“இல்லக்கா. பேரைத்தான் எழுதியிருந்தாங்க.”

“முழுப்பேரா?”

“முழுப்பேர்.”

அக்காவின் முகத்தில் இத்தனை வருஷமாக யாரும் பார்த்திராத ஒரு வெளிச்சம் வந்தது. அந்தப் பெயர் வெளியே வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஜெராக்ஸ் வாயைத் திறந்தாள், மூடினாள். நாக்கின் நுனிவரை தேடிப் பார்த்தாள். அக்கா, பின்னறை அக்கா, அந்தம்மா. அதற்கப்பால் ஒன்றுமே இல்லை.

பத்திரம் எழுதப் பெயர் வேண்டும். கேட்டால் சொன்ன பொய் கிழிந்துபோகும். கேட்காமலும் தீராது.

“அக்கா,” என்றாள் தரையைப் பார்த்து, “உங்க பேர் என்ன?”

அக்கா அவளையே பார்த்தபடி இருந்தாள். எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்றே ஜெராக்ஸ் நினைத்தாள்.

அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, எழுதிக்கொள்கிறவருக்குத் தோதாக, இனிஷியலோடு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைச் சொன்னாள்.