வாவிக்குத் திருப்பிக் கொடுத்த சிப்பி

கப்பலின் அடியில் ஒட்டும் உயிர்களைப் பற்றிப் பேச நாலைந்து நாட்டு ஆட்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள் என்று மீனவர் சங்கத்தில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கூட்டம் என்றால் எனக்குத் தெரியாததா? ஒரு தொப்பி தருவார்கள், ஒரு போத்தல் தண்ணீர் தருவார்கள், சுவரில் படம் காட்டுவார்கள், சோற்றுப் பார்சல் வந்ததும் எல்லோரும் எழும்பிவிடுவார்கள். எங்கள் பனிச்சங்கேணியில் கப்பல் வந்து நின்றதை யார் கண்டது? எங்களிடம் இருப்பது தோணியும் கூடும்தான்.

கூடு என்றால் கொடுவா மீன் வளர்க்கிற வலைக் கூடு. கடலோடு சேருகிற எங்கள் வாவியில், பேச்சில் அதை ஆறு என்போம், மிதவை கட்டி, அதிலிருந்து வலையைப் பெட்டிபோலத் தொங்கவிட்டு, அதற்குள் குஞ்சு விட்டு வளர்ப்போம். ஊரில் பெண்கள் சிலர் சேர்ந்து இதைச் செய்கிறோம். நான் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். இனி இன்னொருத்தியின் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பதில்லை என்று முடிவெடுத்துத்தான் இதில் இறங்கினேன். கூடு கைவிட்டால் மறுபடியும் குவைத்துதான். அது என் கணவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டில் அதைப் பற்றி நாங்கள் வாய் திறப்பதில்லை.

அந்த வருடம் வலையில் ஒரு புதுச் சிப்பி ஒட்டத் தொடங்கியது. விரல் நுனியளவு, கறுப்பு நிறம், கொத்துக் கொத்தாக ஒட்டும். வலைக்கண் அடைபட்டு, கூட்டுக்குள் நீரோட்டம் நின்று, மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. சுரண்டினோம். சுரண்டச் சுரண்டக் கூடியது. எங்கள் கூடுகளால்தான் இந்தச் சனியன் ஊருக்குள் வந்தது என்று துறையில் நின்ற ஆண்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களுக்கு நானும் நல்லாய்த் திருப்பிக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வாவியிலிருந்து வந்ததில் வேண்டாததை உயிரோடு வாவிக்கே கொடுத்துவிட வேண்டும். கரையில் போட்டு அழுகவிடுவது மரியாதை இல்லை. அதனால் சுரண்டிய சிப்பியைச் சாக்கில் அள்ளித் தோணியில் ஏற்றி, கூடுகளுக்கு எட்டாத தூரத்தில் பாலத்தடியில் கொட்டிவிட்டு வருவது என் கணவரின் வேலை. ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

வெளிநாட்டு ஆட்கள் கூடு பார்க்க வந்த அன்றும் அவர் சாக்கோடுதான் புறப்பட்டார். வந்தவர்களில் பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், சாக்குக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இவர் இழுக்கிறார், அவள் விடவில்லை. துறையே பார்த்துக்கொண்டு நின்றது.

“என்ட சாக்க விடச் சொல்லுங்க நானா,” என்றார் என் கணவர், மொழிபெயர்க்க வந்தவரிடம். மொழிபெயர்ப்பவர் ஓட்டமாவடி முஸ்லிம், அதனால் அண்ணன் என்பதற்கு நானா என்போம்; வளைகுடாவில் கப்பல் பழுது பார்க்கும் டொக் ஒன்றில் பல வருடம் பிலிப்பைன்ஸ்காரரோடு வேலை செய்தவர்.

“தண்ணியில போட வேணாமாம் அண்ணன். இது வயலுக்கு வித எறிஞ்ச மாதிரியாம். போட்ட இடமெல்லாம் முளைக்குமாம்.”

“ஆத்துல வந்தத ஆத்துக்குத்தானே குடுக்கன்.”

நானா அவளிடம் பேசிவிட்டுத் திரும்பினார். “இது நம்மட ஆத்துட சாமான் இல்லயாம் அண்ணன். எங்கயோ தூரத்துக் கடல்ல இரிந்து கப்பலோட ஒட்டிக்கிட்டு வந்ததாம். நான் வேல செஞ்ச டொக்லயும் அப்படித்தான், சுரண்டினதில ஒண்டும் கடல்ல விழப்படா. அள்ளி லொறியில ஏத்துவாங்க. என்னத்துக்கெண்டு எனக்கு அப்ப வெளங்கல்ல.”

என் கணவர் சாக்கை விட்டுவிட்டார். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது பொல்லாதது.

அவள் சொன்ன வழி அந்தக் கோபத்தை இன்னும் கிளப்பியது. எல்லாக் கூடுகளையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், ஒருவர் விட்டுவைத்தாலும் வீண். வலைகளை வெயிலில் மொறுமொறுவென்று காயவிட வேண்டும். சிப்பியைத் தண்ணீர் ஏறாத மேட்டில் புதைக்க வேண்டும். என் மீன் அப்போது பாதிதான் வளர்ந்திருந்தது.

“இவக்கென்ன, நாளைக்கு பிளேன் ஏறிப் போயிருவா,” என்றேன். நானா அதை மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கியிருக்கும்.

மற்றவர்கள் போனார்கள், அவள் போகவில்லை. பாதி வளர்ந்த மீனை வந்த விலைக்கு விற்றுவிட்டு நாங்கள் கூடு தூக்கினோம். அவளும் தூக்கினாள். குழி வெட்டினாள், சிப்பி கிழித்துக் கையெல்லாம் இரத்தம். எனக்குக் கோபம் வருகிற வேகத்தில் போகாது. ஆனால் அந்தக் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்ட பிறகு அவளைத் திட்ட வாய் வரவில்லை. துறையில் முணுமுணுத்தவர்களில் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள்.

போகும்போது கயிற்றில் கட்டிய சிறிய பிளாஸ்டிக் தட்டுகளைத் தந்துவிட்டுப் போனாள். வாவியில் தொங்கவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை தூக்கி, ஒட்டியிருப்பதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அதற்கென்று வட்ஸ்அப்பில் ஒரு குழு. கேரளத்திலும் தாய்லாந்திலும் அவளுடைய நாட்டிலும் அதே தட்டு, அதே வேலை. சந்தேகமானதைக் கண்டு நான் பதறிப் படம் போட்டால், அது உங்கள் வாவியின் சொந்தச் சிப்பிதான், பயப்படாதீர்கள் என்று யாராவது பதில் போடுவார்கள். காணாத மனிதர்கள் என் தட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய்ச் செலுத்துவது?

அடுத்த வருடம் அவள் மறுபடி வந்தாள். நானாவும் வந்தார். தட்டைத் தூக்கிப் பார்த்தாள், கறுப்புச் சிப்பி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. கூட்டில் என் கொடுவா முழு வளர்ச்சி கண்டிருந்தது. ஒன்றைப் பிடித்துத் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்து இருவருக்கும் சோறு போட்டேன். அவளுடைய ஊரில் கூடுகள் எப்படி என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்ட நானா பிசைந்த சோற்றை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அங்க இப்ப கூடே இல்லயாம் தங்கச்சி. குடா முழுக்க இந்தச் சிப்பிதானாம். அவங்களும் சுரண்டிச் சுரண்டித் தண்ணியிலதான் போட்டாங்களாம். வேணாமெண்டு சொல்ல ஆரும் வரல்லயாம். இவட அக்காவும் கூடு வெச்சிருந்தவவாம். இப்ப குவைத்தில வீட்டு வேலயாம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கணவர் எழும்பிப் போய்க் கொடுவாத் தலையை ஒரு கோப்பையில் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். எங்கள் வீட்டில் தலைத் துண்டு எப்போதும் அவருக்குத்தான்.

அவள் போவதற்கு முன் அந்த அக்காவின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினேன். குவைத்தில் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்தால் பேச நேரமிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது குவைத்துக் குசினியில் பழகிய அரபு மட்டும்தான். கூட்டுக்கு அதில் எனக்குச் சொல் தெரியவில்லை. என் மீனின் வீடு நன்றாக இருக்கிறது, உன் தங்கை வந்து காப்பாற்றினாள், நன்றி என்று தெரிந்த சொற்களைக் கோத்துச் சொன்னேன். மீன் எவ்வளவு பெரிசு என்று அக்கா கேட்டாள்.