ஒன்பது மூட்டை, ஒன்பது துணி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடம் பக்கத்துப் பெரிய வீட்டுக் கூடத்தில் நாங்கள் நாலு பேர் இருந்தோம்: வீட்டை விற்கப்போகிற சின்னவர், அவர் தங்கையான டீச்சர், என் அப்பா, நான். சென்னையிலிருக்கும் மூத்தவர் வரவில்லை. எதுவானாலும் சம்மதம் என்று போனில் சொல்லிவிட்டாராம்.

அந்தக் குடும்பத்து நிலங்களில்தான் தலைமுறையாக எங்கள் ஆட்கள் வேலை செய்தார்கள். அப்பா கூடத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

நடுவில் ஒன்பது துணி மூட்டைகள், எல்லாம் பண்ணைக் காகிதங்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். வரலாறு எம்.ஏ. முடித்து, அரியலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். காகிதங்களை நூலகத்துக்குக் கேட்டது நான்தான். எந்த மூட்டை எந்த நிலத்துடையது என்ற பட்டியலோடு வந்தால்தான் உள்ளே எடுப்பேன் என்று நூலகர் சொல்லியிருந்தார்.

"அடுத்த ஞாயிறு பழைய பேப்பர்காரன் வரான் தம்பி," என்றார் சின்னவர். "அதுக்குள்ள முடிச்சா உனக்கு, இல்லன்னா அவனுக்கு. யாரு எடுத்தாலும் எடைக்குக் காசு வந்துடணும்."

"எங்கண்ணன் பொறக்கும்போதே கையில தராசு," என்றார் டீச்சர்.

எனக்கு அதில் சொந்தக் காரியமும் இருந்தது. அப்பாவின் தாத்தா ஒத்தப்பனைக் காடு என்கிற நிலத்தில் வேலை செய்தார் என்பது மட்டும் வீட்டில் தெரியும். அவர் பேர் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. ஒத்தப்பனைக் காட்டு மூட்டையில் இருந்தால்தான் அது அவர்.

துணிகளில் தூசியும் எலிப் புழுக்கையும். அழுக்குத் துணியில் ஆவணம் இருக்கக் கூடாது என்று ஒன்பதையும் அவிழ்த்து, காகிதங்களை ஒன்பது அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு, துணிகளைச் சுருட்டிக்கொண்டுபோய் அம்மாவிடம் துவைக்கப் போட்டேன்.

புதன்கிழமை வரை படித்தேன். ஆள் பேர் இருந்தது, விதை இருந்தது, மழை இருந்தது. நிலத்தின் பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

"காட்டுக்கு ஒரு மூட்டைதானே," என்றார் டீச்சர். "துணியில குறி போட்டிருப்பாங்களே."

"துணியத் துவைக்கப் போட்டுட்டேன் டீச்சர்."

"எம்.ஏ.வுல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா?"

அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். கொல்லையில் கொடி முழுக்கத் துணி. என்னைப் பார்த்ததும் அம்மா ஆரம்பித்தார்.

"ரெண்டு நாளா சோடாவுல ஊறவெச்சு அடிக்கிறேன். அழுக்கு போச்சு, கறை போவ மாட்டேங்குது. முந்திரிக்கொட்டை எண்ணெய்டா இது. என் கையப் பாரு, கொட்டை ஒடைச்ச கறை போயிருக்கா?"

வெளுத்த துணியில் கறுப்பாக நின்றன குறிகள். ஒன்றில் வட்டம், கிணற்றடிக் காடு. ஒன்றில் மூன்று அலை, ஏரிக்கரை. ஒன்றில் நெட்டுக்கோடு, உச்சியில் விசிறி. மூட்டை தூக்குகிற ஆளுக்குப் படிக்கத் தெரியாது என்று போட்ட படங்கள். தூக்கியவர்கள் எங்கள் ஆட்கள். நான் அதை அழுக்கில் சேர்த்திருந்தேன்.

எந்தத் துணி எந்தப் பெட்டிக்கு? அதற்குக் கரையான் உதவியது. துணியைத் துளைத்த இடத்திலேயே மேல் காகிதத்தையும் துளைத்திருந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அப்பா வேலைக்குப் போகாமல் என்னோடு வந்தார். கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணியைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் காகிதத்தின் மேல் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை சரிபார்த்தார். வெள்ளி சாயங்காலத்துக்குள் ஒன்பதுக்கும் பெட்டி தெரிந்தது. பனைத் துணி ஆறாவது பெட்டியில் பொருந்தியது.

ஆள் பட்டியலில் நாலாவது பேர்.

"படி," என்றார் அப்பா.

பேரைப் படித்தேன். இன்னார் மகன் என்று அதற்கு முன்னால் இன்னொரு பேரும் இருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாத பேர்.

"அவரு அப்பா பேருமா?"

"ஆமாப்பா."

"அப்ப ரெண்டு பேரு கெடைச்சிருக்காங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தார். காகிதம் எங்களுக்குத்தான் என்று ஆன பிறகும் சின்னவர் காசை விடவில்லை. அதே தராசில் எடை போட்டார். அறுபத்தோரு கிலோ, கிலோ பன்னிரண்டு. அப்பா எண்ணிக் கொடுத்தார். நூலகம் வரை வேன் வாடகை அறுநூறு. சோடாவுக்கு ஆன இருபத்தெட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் அம்மா. எல்லாமாக எங்களுக்கு ஆனது ஆயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய்.