கிளி சொன்ன "வாறன்"

மருதனார்மடத்துப் பக்கம் எந்தத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசின் நின்றுபோனாலும் அருட்பிரகாசத்துக்குத்தான் போன் வரும். "வாறன்" என்பார். சொன்ன வாய் மூடுமுன் சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டியிருக்கும். வீட்டுக்குள் சொல்கிற "வாறன்" வேறு ரகம். மனைவி நாகேஸ்வரி குசினியில் இருந்து "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவாள். புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவளிடம் இல்லை. முப்பத்தாறு வருசமாக அவருக்கு அதுதான் பேர். கழற்றிப் போட்ட மெசினில் இருந்து தலையை எடுக்காமலே "வாறன்" என்பார். சோறு ஆறிப்போகும், மனுசன் அசையமாட்டார்.

போன ஆவணியில் ஒரு காலை அவள் கிணற்றடியில் இருந்து கூப்பிட்டாள். "வாறன்" என்றார். கையில் இருந்த நட்டை இறுக்கி முடித்துவிட்டுப் போனபோது, நாகேஸ்வரி உடுப்புத் தோய்க்கிற கல்லோடு சாய்ந்து கிடந்தாள். உடனே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்றார் டொக்டர். அது ஆறுதலா உண்மையா என்று கேட்க இவருக்குத் துணிவு வரவில்லை.

மிச்சம் இருந்தது கூண்டில் ஒரு கிளி. காற்றுக்கு முறிந்த மொட்டைப் பனையின் பொந்திலிருந்து விழுந்த குஞ்சை, நாகேஸ்வரிதான் கடலைமா கரைத்து ஊட்டி வளர்த்தாள். மண்டை முழுக்க மூளை அதற்கு. தபால்காரரின் மணிக்கு ஒரு பேச்சு, பக்கத்து வீட்டுப் பூனைக்கு ஒரு ஏச்சு. அருட்பிரகாசம் சைக்கிளுக்கு ஸ்ராண்ட் போடுகிற சத்தம் கேட்டால் மட்டும் "இஞ்சாருங்கோ". அச்சு அசல் நாகேஸ்வரியின் குரல், கடைசியில் வருகிற சின்ன இழுவையோடு.

செத்தவீட்டு எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த மறுநாள் அவர் சைக்கிளை நிறுத்த, கிளி கூப்பிட்டது. வாழ்நாளிலேயே முதல்தரமாக மனுசன் கூப்பிட்ட குரலுக்கு ஓடினார். "வாறன், இந்தா வாறன்" என்று போய்க் கொய்யாப்பழம் ஒரு துண்டு கொடுத்தார். பிறகு அதுவே பிழைப்பானது. அது கூப்பிடும், "வாறன்" என்று இவர் பழத்தோடு ஓடுவார். நாளுக்கு முப்பது தரமாவது இருக்கும். சும்மா சைக்கிளை வாசல் படலைவரை உருட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து ஸ்ராண்ட் போட்டதும் உண்டு. கண்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்!

கனடாவில் இருக்கிற மகள் கீர்த்திகா ஞாயிறுதோறும் கெஞ்சுவாள்.

"அப்பா, போனைக் கண்டாலே அம்மா வாயை மூடிப்போடுவா. அவவின்ரை குரல் எங்களிட்டை ஒண்டிலையும் இல்லை. கிளி கதைக்கேக்கை பதிஞ்சு அனுப்புங்கோவன்."

"ஓம் பிள்ளை, நாளைக்கு அனுப்பிறன்."

அந்த நாளை வரவேயில்லை. கிளி எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

மாசியில் அது கூப்பிடுவது குறைந்தது. பங்குனியில் ஒருநாள் ஸ்ராண்ட் போட்டார். "வாறன்" என்றது கூண்டு. அவருடைய சொந்தக் குரல். அதற்குப் பிறகு நாகேஸ்வரியின் குரல் வரவேயில்லை.

கிளியில் பிழை இல்லை. நாள் முழுக்க அது கேட்டது அந்தச் சொல்லைத்தான், பழம் வந்ததும் அந்தச் சொல்லோடுதான். மிருக வைத்தியர் கிறிஸ்ரோபரிடம் கூண்டோடு கொண்டுபோய்க் காட்டினார்.

"திருப்பிப் பழக்கலாம் அண்ணை. ஆனா அதுக்கு அக்காவின்ரை குரல் வேணுமே. பதிஞ்சு வைச்சிருக்கிறியளோ?"

அருட்பிரகாசம் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் கூண்டுக்கு முன்னால் இருந்து, தொண்டையை மெல்லிசாக்கி, கடைசியை இழுத்துத் தானே கூப்பிட்டுப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ."

"வாறன்" என்றது கிளி, கொய்யாப்பழத்தில் இருந்து தலையை எடுக்காமல்.

திரும்பக் கூப்பிட்டார்.

"வாறன்."

கூண்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. அது வரவில்லை. கிணற்றடியில் நாகேஸ்வரி கடைசியாகக் கேட்டது இதைத்தான்.